பெயர் தெரியாத கலைஞருக்கு எத்தனை நட்சத்திரம்

செப்டம்பர் 8, திங்கள். இன்று ஒரு சின்னத் தவறு செய்தேன். கேள்வியை முழுதாகப் படிக்காமல் ஒரு கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன்.

1.

மேலே இருப்பது என் நாட்குறிப்பில் உள்ளபடியே. இந்தக் கதை பிறந்தது அந்த ஒரு டிக்கிலிருந்துதான். போடும்போது கதை பிறக்கிறது என்று தெரியாது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மாலை எழுத்து வகுப்பில் ஆசிரியை சொல்லியிருக்கிறார்: நாட்குறிப்பிலிருந்து ஒரு பதிவை எடுங்கள், கதையாக்குங்கள், ஆனால் 'நான்' என்று எழுதாதீர்கள். 'நான்' வந்தாலே சாக்குச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறீர்கள். ஆகவே இங்கிருந்து நான் 'அவள்'. [அடைப்புக்குறிக்குள் மட்டும் நான் வருவேன். அடைப்புக்குறிக்கு வகுப்பில் தடை இல்லை. கேட்டுக்கொண்டேன்.]

தொடக்கம், முதல் முயற்சி:

காலை வெயில் பல் மருத்துவமனையின் கண்ணாடிக் கதவில் பட்டுத் தெறிக்க, தொலைவில் எங்கோ ஒரு

[விட்டுவிட்டேன். கதவு வடக்கு பார்த்தது. வெயில் அங்கே படாது.]

இரண்டாம் முயற்சி:

இசை என்பது என்ன?

[எனக்குத் தெரியாது.]

மூன்றாம் முயற்சி:

அவள் ஒரு பல் டாக்டரிடம் முன்மேசையில் வேலை பார்த்தாள். உள்ளே டிரில் ஓடும் சத்தம் வெளியே கேட்காமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலைகளில் ஒன்று.

[இது இருக்கட்டும்.]

2.

மருத்துவமனை என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். மொத்தம் இரண்டு அறைகள். முன்னறையில் ஆறு நாற்காலி, ஒரு தண்ணீர்க் கேன், ஒரு மேசை, மேசைமேல் கணினி, சுவர் உச்சியில் ஸ்பீக்கர். உள்ளறையில் டாக்டர், அக்கா, சாய்கிற நாற்காலி. இரண்டுக்கும் நடுவே இருப்பது சுவர் இல்லை. சுவர் மாதிரி வண்ணம் அடித்த பலகை. உள்ளே டிரில் ஓடினால் வெளியே காத்திருப்பவர்களின் எல்லாப் பல்லும் ஒன்றாகக் கூசும். அதனால் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை கணினியில் இசை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டர் பல வருடமாகச் சேர்த்த வாத்திய இசை: புல்லாங்குழல், வயலின், இன்னதென்று சொல்ல முடியாத ஓர் ஊதுகருவி.

அக்கா டாக்டரின் உதவியாளர். எட்டு வருடமாக அவர் பக்கத்தில் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவள். முன்மேசைக்காரிக்குச் சொந்த அக்கா இல்லை, ஆனால் அவளுக்கு இந்த வேலையை வாங்கிக்கொடுத்தது அக்காதான். அவளுக்குப் 'பட்டியல்' என்று பெயர் வைத்ததும் அக்காதான். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அவள் பேனாக்களை நீள வாரியாக அடுக்கியதைப் பார்த்து வைத்த பெயர். இரண்டாம் நாள் டாக்டரும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை கணினி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டது. முடித்துவிட்டுப் பார்த்தால், பல வருடமாக ஓடிய பிளேயரைக் காணோம். அவசரத்துக்குக் கைக்குக் கிடைத்த வேறொன்றைப் போட்டாள். அது நன்றாகத்தான் பாடியது. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மட்டும் இரண்டு விநாடி சும்மா இருக்கும்.

அன்றைக்கு ரூட் கெனாலுக்காக முதல்முறை வந்திருந்தார் ஒருவர். மடியில் நீல நிற ஹெல்மெட். சரியாக அந்த இரண்டு விநாடியில் உள்ளே டிரில் ஓடியது. நீல ஹெல்மெட் எழுந்திருக்கவில்லை, ஓடவில்லை. மடியிலிருந்ததை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார்.

மத்தியானம் டாக்டர் வெளியே வந்தார்.

"பட்டியல், அந்த மனுஷன் ஹெல்மெட்டோடவே உள்ள வந்தாரு."

"கழட்டச் சொல்லலியா டாக்டர்?"

"சொன்னேன். முன்னாடி இருக்கிற கண்ணாடிய மட்டும் தூக்கினாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அப்படியே பாத்தேன். நல்லதா ஒரு பிளேயர் தேடிப் போடு. ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவுல ஊசி நுழையக் கூடாது."

3.

அவள் ஒரு வாரம் எடுத்துக்கொண்டாள். நோட்டில் கோடு போட்டு அட்டவணை தயாரித்தாள். [ஸ்கேல் வைத்து.] நான்கு பிளேயர்கள், ஐந்து தலைப்புகள், தலைப்புக்குப் பத்து மதிப்பெண். இடைவெளி, வேகம், எளிமை, தோற்றம், பணிவு. பணிவு என்றால் கேட்காமல் எதையும் செய்யாமலிருப்பது.*

மாப்பிள்ளை: திறக்கவே ஒரு நிமிடம் ஆகும். திறந்ததும் திரை முழுக்க வண்ண அலைகள். பாட்டை நிறுத்தினாலும் அலை நிற்காது. இடைவெளி ஒரு விநாடி.

அத்தை: இடைவெளி இல்லை. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் விசாரணை. இப்போது எப்படி உணர்கிறீர்கள்? வேலையா, ஓய்வா? நேற்றும் இதையேதான் கேட்டீர்கள், உடம்புக்கு ஒன்றுமில்லையே? [கடைசிக் கேள்வி நான் சேர்த்தது. ஆனால் அந்தத் தொனி இருந்தது.]

குமாஸ்தா: சாம்பல் நிறத்தில் ஒரு சின்னச் சன்னல். கொடுத்ததைப் பாடும். கொடுக்காததைப் பாடாது. முடிந்தால் நிற்கும். இடைவெளி அரை விநாடி.

மந்திரி: எல்லாம் தெரியும், எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். ஒரு பாட்டின் வாலும் அடுத்த பாட்டின் தலையும் ஐந்து விநாடி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கலந்துவிடும். ஊசி என்ன, ஊசியின் நிழல்கூட நுழையாது.

இடைவெளியை அளப்பதற்காக அவள் நாற்காலிமேல் ஏறி, ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு, கையில் கடிகாரத்தோடு நின்றாள். பிளேயருக்கு முப்பது தடவை. காத்திருந்த ஒரு அம்மா வீங்கிய கன்னத்தைப் பிடித்தபடி, "அங்க பல்லி இருக்காம்மா?" என்று கேட்டார்.

அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு பாட்டு போடறதுக்கு இவ்வளவு பரீட்சையா? என் வீட்டுக்காரர நான் இதுல பாதிகூடப் பாத்து எடுக்கல."

"அதனாலதான் அக்கா பாக்கறேன்."

"வாயப் பாரு." அக்கா சிரித்தாள். சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொண்டாள். [இதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போதே எனக்குக் காரணம் தெரிந்திருந்தது. வாசகர்களுக்கு ஆறாம் பகுதியில் சொல்கிறேன்.]

முடிவு: மந்திரி ஐம்பதுக்கு நாற்பத்தாறு. குமாஸ்தா முப்பத்தொன்று. பணிவில் மந்திரிக்கு ஆறுதான் போட்டிருந்தாள். ஆனால் தோற்றத்துக்குப் பத்து.

* பிளேயர்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். மென்பொருளுக்கும் பெற்றவர்கள் இருப்பார்கள்.

4.

திங்கட்கிழமை மந்திரியை நிறுவினாள். அது ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. 'உங்கள் கணினி முழுவதும் தேடி, ஒலிக்கோப்புகள் அனைத்தையும் ஒரே இடத்துக்கு மாற்றி, பெயர்களை ஒழுங்குபடுத்தட்டுமா?' அவள் கண்ணில் பட்டது 'ஒழுங்கு' என்ற சொல் மட்டும். டிக் போட்டாள்.

மந்திரி சொன்னபடி செய்தது. டாக்டரின் பாட்டுகளுக்குள் பெயர் விவரம் எதுவும் கிடையாது; எல்லாம் பழைய இசைத்தட்டுகளிலிருந்து அவரே கணினியில் ஏற்றியவை. அதனால் மந்திரி ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயரை வைத்தது: 'பெயர் தெரியாத கலைஞர் – பெயர் தெரியாத பாடல்'. ஒன்றிலிருந்து நானூற்று முப்பத்தொன்று வரை எண். திரையில் வரிசை கோடு பிடித்த மாதிரி நின்றது. அவளுக்கு அது அழகாகக்கூட இருந்தது.

டாக்டரிடம் இருந்தவை நானூற்று இருபத்துநான்கு. போன வாரம்தான் எண்ணியிருந்தாள். ஏழு கூடியிருக்கிறதே என்று யோசித்தாள். தான் எண்ணியதில்தான் பிழை என்று முடிவுகட்டி, நோட்டில் 424-ஐ அடித்து 431 என்று திருத்தினாள்.

[வகுப்பில் இந்த இடத்தைப் படித்துக் காட்டினால் ஆசிரியை கேட்பார்: இவள் ஏன் எப்போதும் தன்னையே சந்தேகப்படுகிறாள்? பதில் எழுதிப் பார்த்தேன். சிறு வயதிலிருந்தே அவள்— என்று தொடங்கியது. விட்டுவிட்டேன்.]

5.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. நீல ஹெல்மெட் இரண்டாம் முறை வந்திருந்தார். பக்கத்தில் கன்னம் வீங்கிய அம்மா. உள்ளே டிரில் ஓடியது, வெளியே புல்லாங்குழல் ஓடியது. யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. புல்லாங்குழல் மெல்லத் தேய்ந்தது. தேய்ந்த இடத்திலேயே, அதன் மூச்சோடு மூச்சாக, ஒரு பெண் குரல் எழுந்தது.

"நான்கு. முன்னறையில் எல்லோரையும்விட அதிகம் பேசுவது தண்ணீர்க் கேன்தான். அது வயிற்றுக்குள் ஏதோ முடிவெடுத்துவிட்டு, பெரிய ஒரு குமிழியாக வெளியே சொல்லும்."

மேசையில் இருந்த அவள் நிமிர்ந்தாள். அது அவள் குரல்.

கன்னம் வீங்கிய அம்மா திரும்பித் தண்ணீர்க் கேனைப் பார்த்தார். நீல ஹெல்மெட்டும் பார்த்தார். கேன், காத்திருந்த மாதிரி, களுக்கென்றது.

அவள் பாய்ந்து அடுத்த பாட்டுக்குத் தாவினாள். வயலின் வந்தது.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?" என்றார் நீல ஹெல்மெட்.

"அது... தப்பா வந்துடுச்சு சார்."

"நல்லாத்தான இருந்துச்சு. நாலுன்னு ஆரம்பிச்சாங்க. அப்ப ஒண்ணு, ரெண்டு, மூணு எப்ப வந்துச்சு? நான் வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டீங்களா?"

"அதெல்லாம் இல்ல சார்."

"ரூட் கெனாலுக்கு நாலு தடவை வரச் சொல்லியிருக்காரு. ஒரு தடவைக்கு ஒண்ணா வரிசையா போட்டீங்கன்னா சரியா வரும்," என்றார் அவர். கன்னம் வீங்கிய அம்மா, தனக்கு இன்றோடு முடிகிறதே என்று வருத்தப்பட்டார்.

நடந்தது இதுதான். வகுப்பில் ஒரு பயிற்சி: எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், பதிவு செய்து கேளுங்கள், நாக்கு இடறும் இடத்தில் வாக்கியம் தப்பு. அவள் கைபேசியின் மைக் கெட்டிருந்தது. மருத்துவமனைக் கணினியில் மைக் நன்றாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், யாரும் இல்லாதபோது, ஏழு பகுதிகளைப் படித்துப் பதிவு செய்திருந்தாள். மந்திரி அந்த ஏழையும் தேடியெடுத்து, ஒழுங்குபடுத்தி, பெயர் தெரியாத கலைஞரின் வரிசையில் சேர்த்துவிட்டது. எது எந்த எண் என்று மந்திரிக்கே தெரியாது.

நாலாவது பகுதி தண்ணீர்க் கேன். இரண்டாவது, நாற்காலிகளைப் பற்றி. ஆறாவது, அவள் பேனாக்களைப் பற்றி. இதெல்லாம் யார் கேட்டாலும் போனால் போகிறது.

மூன்றாவது அப்படி இல்லை.

[பழைய இடத்தில் போய் அழித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பழைய இடம் காலி. மந்திரி நகல் எடுக்கவில்லை, மாற்றிவிட்டது. தேதி வாரியாகப் பார்த்தால் எல்லாம் அதே திங்கட்கிழமை. நீள வாரியாகப் பார்த்தால் என் ஒவ்வொரு பகுதியும் நான்கு நிமிடம், வாத்தியங்களும் அப்படியே. இவை எல்லாவற்றையும் செய்து பார்த்தேன்.]

6.

மூன்றாவது பகுதிக்கு வகுப்பில் கொடுத்த தலைப்பு: உங்களுக்குத் தெரிந்த ஒருவரின் சின்ன ரகசியம்.

இங்கே அக்காவைப் பற்றி ஒரு சந்தேகம். [பாத்திரமாக. ஆளாக எனக்கு அவளிடம் எந்தச் சந்தேகமும் இல்லை.] பல் டாக்டருக்கு எட்டு வருடம் உதவியாக நின்றவள், தன் பல் வலித்தபோது அவரிடம் காட்டாமல், விடுமுறை போட்டுவிட்டு எதிர்த்தெரு பல் டாக்டரிடம் போனாள் என்று எழுதினால் வாசகர் நம்புவாரா? [நான் நம்பியிருக்க மாட்டேன்.] ஆனால் அக்கா அவளிடம் மட்டும் அதைச் சொன்னாள். [எந்தப் பல் என்பது அக்காவின் வேண்டுகோளின்படி நீக்கப்பட்டது.]

அவள் கேட்டாள்: "ஏன் அக்கா, நம்ம டாக்டர் நல்லாத்தான பாப்பாரு?"

"அவரு கை மாதிரி ஒரு கை இந்த ஊர்லயே கிடையாது."

"அப்புறம்?"

"உனக்குப் புரியாது. வலிக்குமான்னு கேட்டா 'கொஞ்சம்தான்'னு சொல்வாருல்ல? சொல்றதுக்கு முன்னாடி மூக்குக் கண்ணாடிய ஒரு தடவ மேல தள்ளுவாரு. ரெண்டு தடவ தள்ளினா நிறைய வலிக்கும்னு அர்த்தம். எட்டு வருஷமா எண்ணிக்கிட்டிருக்கேன். நான் அந்த நாற்காலில படுத்தேன்னா அவரு கண்ணாடியத்தான் பாத்துக்கிட்டிருப்பேன். எதிர்த்தெருக்காரரு என்ன தள்றாருன்னு எனக்குத் தெரியாது. கொஞ்சம்தான்னு சொன்னாரு, நம்பிட்டேன்."

"வலிச்சுதா?"

"உசுரு போச்சு. ஆனா போறவரைக்கும் நம்பினேன்ல."

அன்றிலிருந்துதான் அக்கா சிரித்தால் வாயை மூடிக்கொள்கிறாள். அடைத்த இடம் வெளியே தெரியும். டாக்டரோ முகத்துக்கு முன்னால் பல்லைப் பார்க்கிறவர்.

டாக்டருக்குத் தெரிந்தால் கோபப்பட மாட்டார். பயமே அதுதான். வேலை செய்யும்போது அவருக்கு ஏதாவது ஒரு ராகத்தை முனகிக்கொண்டிருக்கும் பழக்கம். பழைய நோயாளி ஒருவர் எதிர்த்தெருவுக்கு மாறியபோது மூன்று நாள் முனகவில்லை. அது வெறும் நோயாளி. இது அக்கா. "அவருக்கு மட்டும் தெரிஞ்சா நான் அவர் பக்கத்துல எப்படி நிப்பேன், பட்டியல்?" என்று அக்கா அன்றே சொல்லியிருந்தாள். அவள், "என் வாயிலேர்ந்து வராது அக்கா," என்றும் சொல்லியிருந்தாள்.

வாயிலிருந்து வரவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வரப்போகிறது.

7.

செவ்வாய் மாலை, புதன் காலை, புதன் மத்தியானம், புதன் மாலை. ஆள் இல்லாத நேரமெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஆள் இருந்தபோது, கேட்டு முடித்தவற்றை மட்டும் ஸ்பீக்கரில் ஓடவிட்டாள். வேகமாகத் தாண்டவும் முடியவில்லை. தாண்டினால் மந்திரிக்கு மனசு கேட்காது. 'இந்தக் கலைஞருக்கு எத்தனை நட்சத்திரம்?' என்று ஒரு கட்டம் வரும். ஐந்தில் ஒன்றைத் தொடாமல் போகாது. புதன் இரவுக்குள் நூற்று மூன்று பாட்டுகள் பத்திரம் என்று உறுதியாயின. முதல் பகுதியும் இரண்டாம் பகுதியும் அகப்பட்டன, அழித்தாள். நான்காவதை ஏற்கெனவே அழித்திருந்தாள். மூன்றாவது அகப்படவில்லை.

அக்காவிடம் சொல்லவில்லை. கண்டுபிடித்து அழித்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாள். [சாக்கு. 'அவள்' என்று எழுதினாலும் வருகிறது.]

வியாழக்கிழமைக்குத் திட்டம் போட்டாள். உறுதியான நூற்று மூன்றை மட்டும் தனியாக அடுக்கினாள். ஒவ்வொன்றின் நீளத்தையும் கூட்டினாள்: ஆறு மணி ஐம்பத்தெட்டு நிமிடம். காலை ஒன்பதுக்குத் தொடங்கினால் மூன்று ஐம்பத்தெட்டுக்கு முடியும். மூன்று ஐம்பத்தைந்துக்குக் கைபேசியில் மணி வைத்தாள். அடித்ததும் மறுபடி முதலிலிருந்து. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். கணக்கு சரி.

கணக்கு சரிதான். ஆனால் மந்திரி ஒவ்வொரு பாட்டின் வாலையும் அடுத்ததன் தலையோடு ஐந்து விநாடி கலக்கும். நூற்று மூன்று பாட்டுக்கு நூற்று இரண்டு கலப்பு. ஐந்நூற்றுப் பத்து விநாடி. எட்டரை நிமிடம் முன்னதாகவே, மூன்று நாற்பத்தொன்பதுக்கு, அடுக்கு தீர்ந்துபோனது. குமாஸ்தாவாக இருந்தால் நின்றிருக்கும். மந்திரி நிற்குமா? திரையின் ஓரத்தில் பணிவாக ஒரு வரி வந்தது: 'அதே கலைஞரின் பிற பாடல்களைத் தொடர்கிறோம்.'

மிச்சமிருந்த முந்நூற்றுச் சொச்சத்தில் அது எடுத்தது மூன்றாவது பகுதியை. [கதைக்காக இல்லை. இப்படித்தான் நடந்தது. நடக்காவிட்டால் இப்படி எழுத எனக்குத் துணிச்சல் வராது.]

"மூன்று. அக்காவுக்குப் பல் வலி."

உள்ளே நாற்காலியில் நீல ஹெல்மெட் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார். டாக்டர் கையில் ஊசி. அக்கா கையில் குழாய். முன்னறையில் ஒரே ஒரு முதியவர், தூங்கிக்கொண்டிருந்தார். அவள் நிறுத்து என்பதைத் தொட்டாள். நட்சத்திரக் கட்டம் வந்தது.

"எட்டு வருடமாக ஒரு டாக்டரின் பக்கத்தில் நிற்கிறவள்..."

அந்த நேரத்தில் உள்ளே டிரில் அலற ஆரம்பித்தது.

இந்த இடத்தில் அவள் செய்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எத்தனை நட்சத்திரம் என்று யோசித்தாள். தன் குரலுக்குத் தானே ஐந்து போடுவது சரியில்லை. ஒன்று என்றால் அவ்வளவு மோசமா? இரண்டா, மூன்றா என்று பதினொரு விநாடி போயிற்று. இரண்டு போட்டாள். 'நன்றி, இதுபோன்றவற்றைக் குறைத்துக்கொள்கிறோம்' என்று சொல்லிவிட்டு மந்திரி நிறுத்தாமல் தொடர்ந்தது. அவள் மேசைக்கடியில் புகுந்து பிளக்கைப் பிடுங்கினாள். அது விளக்கின் பிளக். இன்னொன்றைப் பிடுங்கினாள். கணினியே அணைந்து ஸ்பீக்கர் அடங்கியது. எத்தனையாவது எண் ஓடியது என்று பார்க்கவில்லை.

மொத்தம் முப்பத்தாறு விநாடி. டிரில் அதன் பிறகும் கொஞ்ச நேரம் ஓடி, நின்றது.

அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது என்று நீல ஹெல்மெட் போகும்போது சொன்னார், மரத்துப்போன வாயால்: "அந்தம்மா திடீர்னு டிரில்ல எடுத்து, பெடல மிதிச்சு, காத்துல ஓட்டை போட ஆரம்பிச்சிட்டாங்க. டாக்டர் என்னம்மா பண்றன்னு கேக்கறாரு. காய வைக்கறேன் டாக்டர்ங்கறாங்க. எனக்கு ஹெல்மெட் வேணும்போல ஆயிடுச்சு."

பல வருடமாக டிரில்லை மறைக்கப் பாட்டுப் போட்டார்கள். அன்றைக்கு அக்கா கதையை மறைக்க டிரில் போட்டாள்.

"ஆனா நடுவுல ஒரு தடவ கால் நழுவிடுச்சு," என்றார் நீல ஹெல்மெட். "ஒரு ரெண்டு செகண்ட். அப்ப மறுபடி உங்க குரல் உள்ள கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு சார்?"

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார். கண்ணாடியை மட்டும் தூக்கினார். "அது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. முதல் பாகத்துலேர்ந்து வரிசையா கதையக் குடுங்க, சொல்றேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வர்றேன்."

8.

டிரில்லுக்கு முன்னால் ஓடிய இரண்டு வரியில் எதிர்த்தெரு இல்லை. ஆக, கதையின் முடிவு அந்த இரண்டு விநாடியில் இருக்கிறது. அவள் வேகத்தில் படித்தால் இரண்டு விநாடிக்கு நான்கைந்து சொற்கள். முப்பத்தாறு விநாடியில் ஓடிய பகுதியை நோட்டில் எழுதி, துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தாள். முக்கியமான துண்டுகள் மூன்று.

(அ) டாக்டர் காதில் விழுந்தது: 'காட்டப் போனது எதிர்த்தெரு டாக்டரிடம்.' அப்படியானால் அவர் அன்று மாலை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, நிதானமாக, "ஏம்மா, நான்

[இந்த முடிவை என்னால் எழுத முடியவில்லை. மூன்று தடவை உட்கார்ந்தேன்.]

(ஆ) காதில் விழுந்தது: 'இவர் கை மாதிரி ஒரு கை கிடையாது.' அப்படியானால் டாக்டர் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார். தன்னைப் பற்றிக் கதை எழுதுகிறார்கள் என்று மனைவியிடம் சொல்வார். எல்லோருக்கும் நல்லது. வகுப்பில் இதற்குக் கைதட்டுவார்கள். [அதனாலேயே எனக்கு இதன்மேல் நம்பிக்கை இல்லை.]

(இ) காதில் விழுந்தது: 'கொஞ்சம்தான் என்று அவர் சொல்வது பொய்.'

இதைத் தவிர (ஈ) ஒன்றும் உண்டு. அவள் பத்திக்குப் பத்தி நிறுத்தி மூச்சு வாங்குவாள். அந்த இரண்டு விநாடியில் விழுந்தது அவள் மூச்சு மட்டும். ஆனால் நீல ஹெல்மெட் குரல் கேட்டது என்கிறார்.

9.

வெள்ளிக்கிழமை, அதாவது இன்று.

அக்கா காலையில் வந்ததும் பையை வைத்துவிட்டு மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் எழுந்து நின்றாள். இரவெல்லாம் தயார் செய்த மன்னிப்பு ஆறு குறிப்புகளாக நோட்டில் இருந்தது.

"அக்கா, முதல் விஷயம்..."

"நோட்ட மூடு."

மூடினாள்.

"உன் வாயிலேர்ந்து வராதுன்ன."

"ஆமா அக்கா."

"பெடல மிதிச்சு மிதிச்சு கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு. ராத்திரி பூரா தேச்சுவிட்டேன்." அக்கா குனிந்து இன்னொரு தடவை தேய்த்துக்கொண்டாள். "அந்தக் கதையில நான் எப்படி இருக்கேன்?"

"நல்லாத்தான் இருக்கீங்க."

"பயந்து போனேன்னு எழுதியிருக்கியா?"

"...ஆமா."

"யோசிச்சேன்னு மாத்து. எந்தப் பல்லுன்னு சொல்லாத. வகுப்புல வேணும்னா படி, இங்க எங்கயும் படிக்காத. அப்புறம் அந்த எதிர்த்தெருக்காரர நல்லவர்னு எழுதாத. உசுர எடுத்துட்டான்."

"சரி அக்கா."

"உன்கிட்ட நான் இன்னும் பேசல, தெரிஞ்சுதா? இதெல்லாம் திருத்தம், அவ்வளவுதான்."

டாக்டர் வந்தார். பதினொரு மணி வரை முனகவில்லை. அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஸ்பீக்கரில் காலையிலிருந்து ஒரே புல்லாங்குழலைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தாள். அவர் அதைப் பற்றியும் ஒன்றும் கேட்கவில்லை. பதினொன்று பத்துக்குப் பல் பிடுங்க ஒருவர் உள்ளே போனார். புல்லாங்குழலின் அடங்கிய இடம் ஒன்றில் பலகைக்கு அந்தப் பக்கம் பேசுவது கேட்டது.

"வலிக்குமா டாக்டர்?"

வழக்கமாக இங்கே ஒரு 'கொஞ்சம்தான்' வர வேண்டும்.

"வலிக்கும்ங்க," என்றார் டாக்டர். "முப்பது எண்ணறதுக்குள்ள முடிஞ்சிடும். நீங்களே மனசுக்குள்ள எண்ணுங்க."

அவள் தன்னையறியாமல் எண்ணினாள். இருபத்தாறில் முடிந்தது. அதன் பிறகு டாக்டர் முனக ஆரம்பித்தார்.

மத்தியானம் அக்கா தண்ணீர் பிடிக்க வெளியே வந்தாள். இருவரும் கேன் களுக்கென்று சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

"கேட்டியா?" என்றாள் அக்கா.

"கேட்டேன். எட்டு வருஷத்துல இப்படிச் சொல்லியிருக்காரா?"

"ஒரு தடவகூட இல்ல. கண்ணாடியத் தொடவே இல்ல."

"அப்ப அவருக்குக் கேட்டுடுச்சு அக்கா. அந்தப் பொய்ங்கற இடம்தான். இல்ல, அதுக்கு முன்னாடி இடமாவும் இருக்கலாம். இல்ல, உங்க பல்ல எப்பவோ பாத்துட்டுச் சும்மா இருந்திருக்கலாம். இல்ல, வேற யாராவது டாக்டர் இப்படிச் சொல்லச் சொல்லிக் குடுத்திருக்கலாம். நாளைக்கு நீல ஹெல்மெட் வர்றாரு. அவருக்குத் தெரியும். கேட்டா ஒரு நிமிஷத்துல..."

"கேக்காத."

"ஏன் அக்கா?"

அக்கா டம்ளரைக் குடித்து முடித்தாள். "காலையில உள்ள போனேன். வழக்கம்போல கைய நீட்டினாரு, வழக்கம்போல குழாயக் குடுத்தேன். அவருக்குத் தெரியும்னு தெரிஞ்சா என்னால நிக்க முடியாது. தெரியாதுன்னு தெரிஞ்சா நாளைக்கும் பயந்துக்கிட்டே நிக்கணும். இப்ப எனக்கு எதுவும் தெரியாது. நல்லா நிக்கறேன்."

உள்ளேயிருந்து டாக்டர் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. அக்கா உள்ளறைப் பக்கம் திரும்பிச் சிரித்தாள். கை பாதி வரை எழுந்தது.

[வாயை மூடியதா, பாதியில் நின்றதா? நான் மேசையின் இந்தப் பக்கம் இருந்தேன். அக்காவின் முதுகுதான் தெரிந்தது. வாசகர்கள் உள்ளறைப் பக்கமிருந்து பார்ப்பதாக வைத்துக்கொள்ளலாம். அங்கிருந்து தெரியும். தெரிந்தால் என்னிடம் சொல்ல வேண்டாம்.]

நாளை, சனி. எட்டு மணிக்கே போக வேண்டும். மந்திரியை நீக்கிவிட்டுக் குமாஸ்தாவை நிறுவ வேண்டும். எந்தக் கட்டத்திலும் டிக் போடக் கூடாது. நூற்று ஆறிலிருந்து கேட்க வேண்டும். மூன்றாவதையும் சேர்த்து என் குரல் இன்னும் நான்கு இடத்தில் இருக்கிறது. 'பயந்தாள்' என்பதை 'யோசித்தாள்' என்று திருத்த வேண்டும். பத்து மணிக்கு நீல ஹெல்மெட் வருவார். ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய பகுதிகளைத் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். எதுவும் கேட்கக் கூடாது.